வேலைக்கு வந்த பிறகு மேடைப்பேச்சு பழகுவது எப்படி? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவர், பெங்களூர் அலுவலகத்தின் டவுன் ஹால் கூட்டத்தில் மைக் தன் பக்கம் வந்துவிடுமோ என்று பின்வரிசையாகப் பார்த்து உட்காருகிறார். வாரம் முழுக்க அமெரிக்க வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசித் தள்ளுபவர், குடியிருப்பின் பொங்கல் விழாவில் தமிழில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால் நழுவிவிடுகிறார். கேட்டால் இருவரும் "எனக்கு மேடைப் பயம்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதலாமவருக்குப் பயம் ஆங்கிலத்தின் மேல், இரண்டாமவருக்குத் தெரிந்த முகங்களின் மேல். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் இருவருக்குமே பலிக்காது.

முப்பது, நாற்பது வயதில் பேசப் பழகுவதில் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். எந்தப் பயம் என்று பார்க்காமல், இருக்கிற எல்லாப் பயத்தையும் ஒரே நாளில், ஒரே மேடையில் எதிர்கொள்கிறார்கள். கீழே உள்ள வரிசை அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தீர்ப்பதற்கானது. மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 1: எதற்குப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

போனை எடுத்துக்கொண்டு தனியறைக்குப் போங்கள். இந்த வாரம் வேலையில் என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதையே இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மறுநாள் அதே விஷயத்தை நண்பர்கள் இருவர் முன்னால், எழுந்து நின்று சொல்லுங்கள்.

தமிழிலேயே, தனியாக இருக்கும்போதே தடுமாறினால், சொல்ல வேண்டியது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. அது பயமே இல்லை, தயாரிப்புக் குறை. தமிழில் சரளமாக வந்து ஆங்கிலத்தில் மட்டும் சிக்கினால் அது மொழிச் சிக்கல். தனியாக இரண்டு மொழியிலும் நன்றாகப் பேசி, நண்பர்கள் முன்னால் மட்டும் குரல் நடுங்கினால், அதுதான் ஊர் சொல்லும் மேடைப் பயம். பலருக்கு இரண்டு கலந்திருக்கும். எது அதிகம் என்று தெரிந்தாலே போதும். முதல் வகையினர் படி 4-க்கும், மொழிச் சிக்கல் உள்ளவர்கள் படி 6-க்கும் அதிக நேரம் கொடுங்கள்.

படி 2: உடம்பு செய்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு வேண்டுமென்றே மன அழுத்தம் உண்டாக்க வேண்டுமானால் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பேசச் சொல்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் வெளியான சோதனைமுறை இது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர் குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏற இது நம்பகமான வழி என்பதால், உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எனவே மைக் முன்னால் நெஞ்சு படபடப்பதும் நாக்கு வறள்வதும் உங்களிடம் மட்டும் உள்ள கோளாறு அல்ல. பெரும்பாலான உடம்புகள் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்னொரு செய்தி இதைவிட உதவும். உள்ளே நடக்கும் நடுக்கம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று பேசுபவர் நினைக்கிறார். கேட்பவருக்கு அந்த அளவுக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். படி 1-ல் எடுத்த மாதிரி வீடியோ ஒன்று எடுத்துப் பாருங்கள். "இவ்வளவுதானா வெளியே தெரிகிறது?" என்று தோன்றும்.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது அவ்வளவாக உதவாது. எகிறிக் கிடக்கும் உடம்பைத் திடீரென்று அடக்க முடியாது. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள் என்கிறது. கேட்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்தான். ஆனால் காசா பணமா, செய்து பாருங்கள்.

படபடப்பு பொதுவாகப் பேச ஆரம்பிக்கும் கணத்தில் உச்சத்தில் இருந்து, சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கை முதல் ஒரு நிமிடத்துக்குக் கொடுங்கள். மேடைக்கு முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் செய்தால் போதும். அப்புறம், பக்கத்து தர்ஷினியில் இரண்டாவது ஃபில்டர் காபி வேண்டாம். காஃபீன் தரும் படபடப்பையும் பயம் என்றே மனம் கணக்கெழுதும்.

ப்ராப்ரனலால் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுபவர்கள் உண்டு. இதயத்துடிப்பையும் கைநடுக்கத்தையும் அது குறைக்கும். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு ஆபத்து. நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 3: தமிழில், சின்ன இடத்தில் ஆரம்பியுங்கள்

ஆங்கிலத்தில் பேசத்தானே பழக வேண்டும், தமிழில் எதற்கு என்று கேட்கலாம். நாலு பேர் கண் நம் மேல் இருப்பதைத் தாங்குவது ஒரு திறமை. வாக்கியம் அமைப்பது வேறு திறமை. இரண்டையும் சேர்த்துப் பழகும்போது, தடுமாறியதற்குக் காரணம் எது என்றே தெரியாமல் போகிறது. மொழிக் கவலை இல்லாமல் முதலில் கண்களைப் பழகுங்கள்.

இதற்குப் பெங்களூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலக்கிய நிகழ்ச்சிகள் நடக்கும், நூலகமும் உண்டு. போன உடனே மேடை கேட்க வேண்டாம். முதல் முறை கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை, பேசி முடித்தவரிடம் சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெயர், ஊர், கேள்வி, அவ்வளவுதான். அந்த இருபது விநாடியும் பொதுப்பேச்சுதான்.

அடுத்த படியாக, பேச்சாளரை அறிமுகம் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிடம், எல்லாம் முன்கூட்டியே தெரிந்த தகவல், கவனமும் சீக்கிரம் உங்களை விட்டுப் பேச்சாளரிடம் போய்விடும். நன்றியுரைதான் எளிது என்று புதியவர்கள் தலையில் கட்டுவார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பந்தி போட்டவர் பெயர் ஒன்று விட்டுப்போனால் ஒரு வருஷத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்.

தமிழ் மேடையில் விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. "மேடையில் வீற்றிருக்கும்..." என்று தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று நிமிடம் விளித்துக்கொண்டே போவது. பள்ளியில் ஆசிரியர் எழுதித் தந்து மனப்பாடம் செய்த பேச்சின் மிச்சம் அது. "எல்லோருக்கும் வணக்கம்" போதும். உடனே விஷயத்துக்கு வாருங்கள்.

குடியிருப்பு சங்கக் கூட்டமும் நல்ல களம். ஆனால் அங்கே கன்னடம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடும் என்பதால் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "எல்லரிகூ நமஸ்கார" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, தெரிந்த இரண்டு வாக்கியத்தைப் பேசிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் அறையே கொஞ்சம் இளகும். இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், முயன்றதைத்தான் கவனிப்பார்கள்.

படி 4: மூன்று நிமிடப் பேச்சைத் தயாரிப்பது

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடியிருப்புகள் தண்ணீர் டேங்கருக்குத் தவம் கிடந்தது நினைவிருக்கும். உங்கள் குடியிருப்பில் குழாய்களுக்கு ஏரேட்டர் பொருத்த வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பேச்சு முடிந்து லிஃப்டில் போகும்போது, ஒருவர் வீட்டுக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்? "அடுத்த கோடைக்குள் எல்லா வீட்டுக் குழாய்க்கும் ஏரேட்டர் போட்டுவிடலாம்னு ஒருத்தர் சொன்னார்." இதுதான் வாக்கியம். மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இன்றைக்கு வேண்டாம். தெரிந்ததையெல்லாம் கொட்டுவதுதான் படித்தவர்கள் பேச்சின் பெரிய வியாதி.

அடுத்து, தலைப்புகள் மூன்று: சென்ற கோடையில் டேங்கருக்கு நம் குடியிருப்பு கொடுத்த தொகை, ஏரேட்டர் என்ன செய்கிறது (தண்ணீரோடு காற்றைக் கலந்து, வேகம் குறையாமல் செலவைக் குறைக்கிறது), இன்று சங்கம் எடுக்க வேண்டிய முடிவு. தொகையைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுங்கள். "ரொம்பச் செலவாச்சு" என்பதற்கும் சரியான ரூபாய்க் கணக்குக்கும் நடுவே மலையளவு வித்தியாசம். கையில் உண்மையான எண் இருந்தால் குரலும் தானாக நிமிரும்.

பிறகு முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதியை மனப்பாடம் செய்யவே கூடாது. மனப்பாடப் பேச்சில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒன்று நழுவினால் பின்னால் வருவதெல்லாம் போய்விடும். பள்ளி மேடையில் நடுவில் மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கிய குழந்தைகளுக்கு நடந்தது அதுதான். தலைப்பு மட்டும் நினைவில் இருந்தால், ஒரு வாக்கியம் மறந்தாலும் வேறு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கேட்பவருக்கு என்ன விட்டுப்போனது என்று தெரியப்போவதில்லை.

தலைப்புகளை உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏ4 தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

படி 5: வாய்விட்டு, நின்றுகொண்டு

மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியே இல்லை. நிற்க வேண்டும், சத்தம் வர வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-ல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு: நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் முன்னால் செய்யும்போது அது இன்னும் மேம்படும், பழகாத வேலை இன்னும் மோசமாகும். வீட்டில் அரைகுறையாக வந்தது மேடையில் சிறப்பாக வந்துவிடும் என்று நம்புவதற்கு இடமே இல்லை.

தனியாகச் சரியாக வந்த பிறகு ஒருவர் முன், பிறகு மூவர் முன். வீட்டில் கேட்க ஆளில்லையா? ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பார்க்கில் நண்பரோடு நடந்துகொண்டே சொல்லுங்கள். அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

பதிவைக் கேட்கும்போது முதலில் ஒலியை மட்டும் கேளுங்கள், அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறையைத் திருத்துங்கள். "வந்து", "அதாவது", "ஆக்சுவலா", "பேசிக்கலி" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் அதிர்ச்சியாக இருக்கும். அவற்றை விரட்ட முயலாதீர்கள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள். பேசுபவருக்கு ஒரு யுகமாகத் தெரியும் மௌனம், கேட்பவருக்கு ஒரு மூச்சு நேரம்தான்.

படி 6: ஆங்கிலத்துக்கு மாறுவது

நம் ஆட்கள் பெரும்பாலும் உச்சரிப்பை நினைத்து வெட்கப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் வாக்கிய நீளம். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். "போய், பார்த்து, கேட்டு, சரிசெய்து, அனுப்பிவிட்டேன்" என்று கோத்துக்கொண்டே போகலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், எழுவாய்க்குப் பக்கத்திலேயே வினை வேண்டும் என்பதால் பாதியில் திரும்பவும் முடியாமல், முடிக்கவும் முடியாமல் நிற்போம். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். முடித்துவிட்டு அடுத்தது. போனேன். பார்த்தேன். இதுதான் பிரச்சினை. நாளை முடியும்.

பேச்சுக் குறிப்பைத் தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். குறிப்பை முதலிலேயே ஆங்கிலத்தில், வாக்கியமாக இல்லாமல் சொற்களாக எழுதுங்கள்.

பயிற்சிக் களம் உங்கள் அலுவலகத்தின் தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டம். நேற்று என்ன, இன்று என்ன, எங்கே தடை: ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டிய பேச்சு, வேலைநாள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. பலர் அதை முணுமுணுத்துக் கழித்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் அதை மட்டும் முந்தின நாள் இரவு தயாரித்து, கேமராவைப் போட்டுப் பேசுங்கள். அப்புறம் மேனேஜரிடம் ஒரு டெமோவில் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆன்லைன் கூட்டத்தில் திரையில் உள்ள முகங்களை விட்டு லென்ஸைப் பார்த்துப் பேச வேண்டும், அது பழக நாளாகும்.

படி 7: டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் சேரலாமா?

சேரலாம், ஆனால் படி 3-ஐ முடித்துவிட்டு. 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப்பேச்சு பழகுபவர்களுக்கான அமைப்பு இது. பெங்களூரில் அலுவலகங்களுக்குள்ளும் வெளியிலும் நிறைய கிளப்புகள் உள்ளன. முதல் பேச்சு உங்களைப் பற்றியது, நாலிலிருந்து ஆறு நிமிடம். டேபிள் டாபிக்ஸ் என்ற பகுதியில் அங்கேயே கொடுக்கும் தலைப்பில் ஒன்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரத்தைக் காட்டுவார்கள். "ஆ", "ம்" எத்தனை என்று எண்ணவே ஓர் ஆள் இருப்பார்.

விருந்தினராக இரண்டு மூன்று கிளப்புகளைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மதிப்பீடு செய்பவர் குறையைச் சொல்கிறாரா? எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்று கைதட்டும் கிளப்பில் மனசு நிறையும், பேச்சு அப்படியே இருக்கும். இரண்டாவது, தூரம். வொயிட்ஃபீல்டில் வேலை பார்த்துக்கொண்டு ஜெயநகர் கிளப்பில் வேலைநாள் மாலை சேர்ந்தால், பயத்தை வெல்வதற்கு முன்பே வெளிவட்டச் சாலை உங்களை வென்றுவிடும். மெட்ரோ பக்கத்திலோ, நடக்கும் தூரத்திலோ சுமாரான கிளப் இருந்தால் அதுவே மேல்.

படி 8: பேசும் நாள்

சீக்கிரம் போங்கள். காலி அறையில், நிற்கப்போகும் இடத்தில் நின்று, மைக்கில் நாலு வாக்கியம் பேசிப் பாருங்கள். லேப்டாப் கேபிள் பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட்டால் ஒரு கவலை விட்டது. வருபவர்களில் மூன்று பேரிடம் பேச்சுக் கொடுத்து வைத்தால், மேடையிலிருந்து பார்க்கத் தெரிந்த முகங்கள் கிடைக்கும்.

எழுந்தவுடன் பேசாதீர்கள். நில்லுங்கள், ஒருவரைப் பாருங்கள், மூச்சு விடுங்கள், பிறகு மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியம். நடுவில் மறந்துபோனால் கடைசியாகச் சொன்னதைச் சுருக்கித் திரும்பச் சொல்லிக்கொண்டே அட்டையைப் பாருங்கள். "மன்னிக்கணும், மறந்துட்டேன், ரொம்பப் பதற்றமா இருக்கு" என்று நீங்களாகப் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி வந்தால் முழுதாகக் கேட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாவிட்டால் "இப்போது கையில் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். சமாளித்துப் பேசுபவரை அறை உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 9: பேசிய பிறகு

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். நம்பிக்கையான இரண்டு பேரிடம் முன்கூட்டியே குறிப்பான வேலை கொடுங்கள்: எந்த இடத்தில் கவனம் போனது, கடைசியில் நான் என்ன கேட்டேன் என்று புரிந்ததா? இரண்டாவதற்கு அவர்கள் சொல்லும் பதில் படி 4-ல் எழுதிய வாக்கியத்தோடு ஒத்துப்போனால் பேச்சு வென்றது, குரல் நடுங்கியிருந்தாலும்.

இத்தனை செய்தும் மாறவில்லை, கூட்டம் என்று கேட்டாலே பல நாள் தூக்கம் போகிறது, பதவி உயர்வையே மறுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்றால் அது பயிற்சியால் மட்டும் தீராத சமூகப் பதற்றமாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். திக்குவாய் வேறு விஷயம். அதற்குப் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள், மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனம் உள்ளது.

இந்தச் சிக்கல்கள் இல்லாதவர்கள், ஒரு பேச்சை முடித்த அந்த வாரத்திலேயே அடுத்ததற்குத் தேதி வாங்கிவிடுங்கள். இடைவெளி நீண்டால் தணிந்த பயம் மறுபடி தலைதூக்கும். ஆரம்ப மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நாலு பேர் முன்னால் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேடை கிடைக்காத வாரத்தில் குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டாலும் கணக்கில் சேரும்.